எந்தப் பக்கமா வருது?

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் நான் டீ குடிக்கிற கடையில் "இங்கு அரசியல் பேசக் கூடாது" என்று ஒரு தகரப் பலகை தொங்குகிறது. 2011 தேர்தல் சமயத்தில் சண்டை வந்து பெஞ்சுக்கால் முறிந்தது, அதற்கு அடுத்த வாரம் மாட்டியது. மாட்டியவர் மாஸ்டர். கடைக்கு முதலாளியும் அவரே, டீ ஆற்றுவதும் அவரே. அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு விடிகாலை ஐந்தரை மணிக்கு அரசியலை ஆரம்பித்து வைப்பவரும் அவர்தான். கேட்டால், "அது கட்சிக்காரங்களுக்குப்பா, நமக்கில்ல" என்பார்.

நான் கீழமாசி வீதியில் ஒரு எண்ணெய் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. கடை திறக்க எட்டரை ஆகும், ஆனால் ராத்திரி லாரியில் வந்த சரக்கை எண்ணி வாங்க வேண்டிய நாட்களில் இருட்டோடு கிளம்பிவிடுவேன். அப்படி வந்து வந்து சேர்ந்த கூட்டம்தான் இது. ரிட்டயரான பேங்க் சார் ஒருத்தர், எங்கள் வரிசைக் கடைகளுக்கெல்லாம் சரக்கு இறக்குகிற லோடுமேன் அண்ணன், வாரத்தில் ஒருநாளாவது பஸ் ஏறி வந்துவிடுகிற பேரையூர் மாமா, மனசிருந்தால் வந்து உட்காருகிற எங்கள் முதலாளி அண்ணாச்சி, கொஞ்ச காலமாக ஒரு பெயின்டர். எல்லாருக்கும் ஒரு கட்சி உண்டு. யார் எதற்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு, போனை எடுத்து வீடியோ காட்டக் கூடாது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த வாரம் வந்த கட்டுப்பாடு அது. அன்றைக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்துகிற வீடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். ஆறு தலை அந்தச் சின்ன ஸ்கிரீனுக்குள் முட்டிக்கொண்டு நின்றன, பேங்க் சார்கூட "அடடா" என்றார். பால் வாங்க வந்த ஸ்கூல் பையன் ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கேம்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். அந்த மாதிரி வீடியோ கேம் காட்சிகள் அந்தச் சமயத்தில் உலகம் பூராவும் போர்க்காட்சி என்று சுற்றியது பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன, அந்தப் பையன் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வீடியோ போனது, ஆனால் பேச்சு திருந்தவில்லை. ராத்திரி டிவியில் பார்த்ததைக் காலையில் இங்கே கக்குவதுதான் நடந்தது. டிவிக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: நீங்கள் எந்தப் பக்கம்? ரஷ்யா பக்கமா, உக்ரைன் பக்கமா, இஸ்ரேலா பாலஸ்தீனமா, சீனாவா அமெரிக்காவா. கபடிக்கு ஆள் பிரிக்கிற மாதிரி கோடு போட்டுவிட்டு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். நாங்களும் அப்படித்தான் பெஞ்சில் பிரிந்து உட்கார்ந்து கத்தினோம். பெட்ரோல் விலை பேச்சு வந்தால் ஒருத்தர் மத்திய அரசின் கலால் வரி என்பார், இன்னொருத்தர் மாநிலத்தின் வாட் என்பார், ரெண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி உண்மை, ஆனால் அவரவர் பாதியைக் கீழே வைக்க மாட்டார்கள். டீ ஆறிப் போகும், மாஸ்டருக்குத்தான் லாபம், இன்னொரு டீ போடச் சொல்வோம்.

இது மாறியது 2025 ஜூனில், நான் அசிங்கப்பட்ட நாளில்.

ஜூன் 13-ம் தேதி இஸ்ரேல் ஈரான் மேல் குண்டு போட்டது. 22-ம் தேதி அமெரிக்காவும் இறங்கியது, ஈரான் நாடாளுமன்றம் ஹோர்முஸ் நீரிணையை மூடலாம் என்று தீர்மானம் போட்டது. நான் அந்தப் பத்து நாளும் தூங்கவில்லை என்றே சொல்லலாம், அவ்வளவு படித்தேன். உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கோடி பீப்பாய், அந்த ஒரு வழியாகத்தான் போகிறது. குறுகலான இடத்தில் அகலம் 33 கிலோமீட்டர். இதையெல்லாம் மறுநாள் காலையில் ஒரு கையில் கிளாஸும் இன்னொரு கையில் காற்றுமாகப் பொழிந்துகொண்டிருந்தேன். அண்ணாச்சியிடம் ஏற்கெனவே முந்தின நாளே சொல்லியிருந்தேன், சன்ஃப்ளவர் 400 டின் கூடுதலாகப் போட்டு வைத்துவிடலாம், ஹோர்முஸ் மூடினால் விலை எங்கேயோ போய்விடும் என்று. அவரும் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார்.

லோடுமேன் அண்ணன் டீயை முடித்துவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தார். "சரி தம்பி, நம்ம சன்ஃப்ளவரு எந்தப் பக்கமா வருது?" என்றார்.

"உக்ரைன், ரஷ்யாண்ணே."

"அது எந்த ஊருன்னு கேக்கல. கப்பலு எந்தப் பக்கமா வருது? நீ சொல்ற அந்தச் சந்து வழியாவா வருது?"

நான் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கடலில் எது எங்கே இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. ஹோர்முஸ் என்கிற பெயர், எண்ணெய் என்கிற சொல், நம்மிடம் இருக்கிற எண்ணெய், மூன்றையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான். கச்சா எண்ணெயும் சமையல் எண்ணெயும் தமிழில் ஒரே எண்ணெய்!

பேங்க் சார்தான் பெஞ்சின் மேல் படம் போட்டார். படம் என்றால் பேப்பர் பேனா இல்லை. வடைத் தட்டு ஆப்பிரிக்கா. பொறை டப்பா அரேபியா. என் கிளாஸ் இந்தியா. கருங்கடல் என்று ஒரு சொட்டு டீயைத் தூரத்தில் விட்டு, அதிலிருந்து விரலால் இழுத்துக்கொண்டே வந்தார். உக்ரைனின் ஒடேசா பக்கத்துத் துறைமுகங்கள், ரஷ்யாவின் நொவரஸீஸ்க், அப்புறம் இஸ்தான்புல் ஊர் நடுவே போகிற பாஸ்பரஸ் நீரிணை, மத்தியதரைக் கடல், சூயஸ் கால்வாய், செங்கடல், வடைத் தட்டுக்கும் பொறை டப்பாவுக்கும் நடுவில் கீழே ஒரு இடுக்கு, அதுதான் பாப் எல் மந்தப், அதைத் தாண்டினால் அரபிக்கடல், என் கிளாஸ். ஹோர்முஸ் எங்கே என்றால் பொறை டப்பாவுக்கு அந்தாண்டை, மேலே. கப்பல் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

"அட, இதுக்குத்தானா இம்புட்டு?" என்றார் லோடுமேன் அண்ணன். "யானைக்கல்லுல வண்டி அடைச்சு நின்னா, கீழவாசப் பக்கமா வர்ற லாரிக்கு என்னப்பா வந்துச்சு?"

அண்ணாச்சி பொறையை டீயில் முக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் போனை எடுத்தார். 400 டின்னை 150 ஆக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "கணக்கப்பிள்ள, நீ கணக்கப் பாரு" என்றார். 24-ம் தேதி சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது, கச்சா எண்ணெய் ஏறின வேகத்தில் இறங்கியது. என் மானமும் கூடவே இறங்கியது. இதில் இன்னொரு கூத்து, ஜூலை முதல் பத்து நாளுக்குள் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதிப் படைகள் ரெண்டு சரக்குக் கப்பலை மூழ்கடித்தார்கள். அது நம் சந்து! அண்ணாச்சி பேப்பரைக் காட்டி, "இதச் சொல்லியிருந்தா வாங்கிப் போட்டிருப்பேன்ல" என்றார்.

அதிலிருந்து எங்கள் கடையில் எந்த நாட்டுப் பேச்சு வந்தாலும் லோடுமேன் அண்ணன் கேள்வியை யாராவது கேட்டுவிடுவார்கள். எந்தப் பக்கமா வருது? அவருக்கு அது பெரிய தத்துவமில்லை, தொழில். சித்திரைத் தேர் மாசி வீதியைச் சுற்றுகிற அன்றைக்கு எந்த லாரியை எங்கே நிறுத்தி எங்கிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவருவது என்று முப்பது வருஷமாக யோசிக்கிற மனுஷன். சரக்கு பறந்து வராது என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அந்தக் கேள்வியோடு பழைய கணக்குகளைத் திரும்பிப் பார்த்தேன். 2022 மார்ச் மாத பில்லெல்லாம் என்னிடமே இருக்கிறது. அதுவரை நம் நாட்டுக்கு வெளியிலிருந்து 100 டின் சன்ஃப்ளவர் வந்தால் ஏறக்குறைய 70 டின் உக்ரைன், 20 டின் ரஷ்யா. அடித்துக்கொண்ட ரெண்டு பேரும் நமக்கு எண்ணெய் ஊற்றினவர்கள், கருங்கடலே அடைத்துப் போனது. அந்த ஜூலையில்தான் துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று உக்ரைன் தானியக் கப்பல்களுக்கு வழி வாங்கிக் கொடுத்தார்கள், அடுத்த ஜூலையில் ரஷ்யா அதிலிருந்து விலகிவிட்டது. சரி, அது போர். ஆனால் அதே வருஷம் ஏப்ரல் 28-ம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது, அதற்கு யாரும் குண்டு போடவில்லை. உலகத்துக்கே பாமாயில் கொடுக்கிற ஊரில் அவர்கள் வீட்டுச் சட்டிக்கு எண்ணெய் விலை ஏறிவிட்டது, ஜனங்கள் கத்தினார்கள், கதவைச் சாத்தினார்கள். மே 23-ம் தேதி திறந்தார்கள். நடுவில் ஒரு மாதம் நாங்கள் கடையில் பட்ட பாடு இருக்கிறதே. அண்ணாச்சி இந்தோனேசியாவைத் திட்டாத திட்டு இல்லை. பேங்க் சார் பொறுமையாக இருந்துவிட்டு, "மே 13-ந் தேதி நாம கோதுமை ஏற்றுமதிய நிறுத்தினோமே அண்ணாச்சி, அப்ப எந்த ஊர்க்காரன் நம்மளத் திட்டினானோ" என்றார்.

இன்னொன்று சொன்னால் அண்ணாச்சி கோபிப்பார், ஆனாலும் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 14-ம் தேதி சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை அரசாங்கம் ஏற்றியது. சுத்திகரிக்காத எண்ணெய்க்கு எல்லாம் சேர்த்து 5.5 சதவீதமாக இருந்தது 27.5 ஆனது. தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்னால்! டின் விலை எகிறியது. சில்லறைக் கடைக்காரர்கள் வந்து "என்னண்ணே, சண்டையினாலயா?" என்று கேட்டபோது, நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டினோம். அதுதான் சுலபம். வரி என்றால் ஏன், யாருக்காக, எவ்வளவு என்று விளக்க வேண்டும், சண்டை என்றால் ஒரே வார்த்தை, வாங்குகிறவரும் உச்சுக்கொட்டிவிட்டுக் காசை எடுத்துக் கொடுத்துவிடுவார். 2025 மே கடைசியில் அந்த வரியை 16.5 ஆகக் குறைத்தார்கள். அப்போது சண்டை நின்றுவிட்டதா என்று யாரும் வந்து கேட்கவில்லை.

வரியை ஏற்றியது அநியாயம் என்று நான் ஒருநாள் பேசப்போய்ப் பேரையூர் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மாப்ள, வெளிநாட்டு எண்ணெய் சும்மா வந்து எறங்குனா எங்கூருக் கடலைய எவன் கேப்பான்?" நியாயம்தானே. அவருக்குக் கரிசல் காடு ஏழு ஏக்கர், பெரும்பாலும் பருத்தி, ஓரத்தில் கொஞ்சம் கடலை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2025 ஆகஸ்ட் மாதம் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி என்று போட்டதும் மகன் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது, பிறகு வாரத்தில் ரெண்டு நாள் வேலை இல்லை என்றார்கள். கம்பெனிகளுக்குத் தெம்பு கொடுக்க நம் அரசாங்கம் என்ன செய்தது? வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை எடுத்துவிட்டது, முதலில் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் கடைசி வரை. மகனுக்கு நூல் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், அப்பன் பருத்தி விலை படுத்துவிடும்.

"ராத்திரி போன் பண்ணுவான்," என்றார் மாமா. "அப்பா, பஞ்சு வரியத் தூக்கிட்டாங்களாம், இனிமே ஆர்டர் புடிச்சுருவாங்கன்னு சந்தோசமாச் சொல்றான். நானும் ஆமாப்பா, நல்லதுப்பாங்கிறேன். வேற என்ன சொல்ல? புரட்டாசியில பருத்திய விட்டுட்டு மக்காச்சோளத்தப் போட்டுட்டேன்."

இந்த வீட்டில் யாரிடம் போய் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்பது?

உளுந்துக் கதையும் இப்படித்தான் வெளியே வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கும் இட்லி கிடைக்கிற ஊர் இது, ஆனால் அந்த மாவில் அரைபடுகிற உளுந்தில் ஒரு பங்கு ரங்கூனிலிருந்து கப்பலேறி சென்னையில் இறங்குகிறது என்பதை இட்லி தின்கிற யாரும் நினைப்பதில்லை. வியாபாரத்தில் அதற்குப் பெயரே பர்மா உளுந்து, விருதுநகர் விலைப்பட்டியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. வெளிநாட்டிலிருந்து நாம் வாங்குகிற உளுந்தில் பெரும்பங்கு அங்கேயிருந்துதான். அந்த நாட்டில் 2021 பிப்ரவரி 1-ம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து உள்நாட்டுப் போர். டிவியில் அதற்கு ஒரு விவாதம் வைத்து நான் பார்த்ததில்லை. அங்கே எந்தப் பக்கம் என்று கேட்க இங்கே யாருக்கும் பெயரே தெரியாதே. எங்களுக்குப் பரிச்சயமானது உளுந்து ஒன்றுதான், அதைப் பிடித்துக்கொண்டு பர்மா வரை போய்வந்தோம். அந்தக் காலத்தில் செட்டிமார்கள் வட்டிக்கடை வைத்தது, 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் தமிழ் ஜனங்கள் மலையும் காடும் ஏறி நடந்தே அஸ்ஸாம் பக்கம் வந்தது, பர்மா அரிசி நின்றுபோய் மெட்ராஸ் மாகாணத்தில் ரேஷன் வந்தது என்று பேங்க் சார் அவர் அப்பா சொன்னதைச் சொன்னார். அன்றைக்கு லாரி ஒரு மணி நேரம் லேட், எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

மாஸ்டருக்கு மட்டும் ஹோர்முஸ் நிஜமாகவே சொந்தம். நம் நாட்டில் எரிகிற சமையல் கேஸில் நூற்றுக்கு அறுபது பங்கு போல வெளியிலிருந்து வருகிறது, அதில் பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்து, அந்தச் சந்து வழியாக. கடையின் பின்பக்கம் ரெண்டு 19 கிலோ சிலிண்டர் நிற்கும். ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி அதன் விலை மாறும், சவுதிக்காரர்கள் அந்த மாதத்துக்கு வைக்கிற விலைதான் அதற்கு அளவுகோல். 2022 மே மாதம் சென்னையில் 2,500 ரூபாயைத் தாண்டிப் போனது, இங்கேயும் அதே கதை. அந்த மாதம் மாஸ்டர் டீயை 10 ரூபாயிலிருந்து 12 ஆக்கினார், எதிர்க்கடைக்காரர் ஆக்கவில்லை, ஒரு வாரம் நாங்கள் மட்டும் மானத்துக்காக இங்கேயே குடித்தோம். "சவுதிக்காரன் வெலைய ஏத்துனா அவன்ட்ட யாரும் சண்டைக்குப் போறதில்ல, ரெண்டு ரூவா ஏத்துனா ஏங்கிட்ட வர்றீங்க" என்று அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இவ்வளவு நாளும் நாங்கள் பேசியது சரக்கின் வழி. மனுஷர்களும் ஏதோ ஒரு பக்கமாகத்தான் வருகிறார்கள் என்பது பேங்க் சார் 1990 கதையைச் சொன்னபோதுதான் மண்டையில் ஏறியது. அப்போது அவர் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தார், வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில் இருக்கிற ஊர். ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அடுத்த வாரத்திலிருந்து பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்து, பணம் வந்திருக்கிறதா சார் என்று கேட்பார்களாம். பணம் வரவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். பணம் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம், அதற்காகத்தான் வந்தார்கள். மறுவருஷம் நாட்டிடம் டாலர் இல்லாமல் போய் 46.91 டன் தங்கத்தை இங்கிலாந்திடமும் ஜப்பானிடமும் அடமானம் வைத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. குவைத் போரில் எண்ணெய் விலை ஏறியதும் இந்த மாதிரிப் பெண்களின் கணக்கில் பணம் நின்றதும் அந்த இடிக்கு ஒரு காரணம் என்று அவர் சொன்னபோது, நான் பரீட்சைக்குப் படித்த 1991 வேறு மாதிரி தெரிந்தது.

லோடுமேன் அண்ணன் உடனே கேட்டார், "அந்த ஆளுக எந்தப் பக்கமா சார் வந்தாங்க?" குவைத்திலிருந்து பாக்தாத், அங்கிருந்து பாலைவனம் தாண்டி ஜோர்டான் நாட்டு அம்மான், அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய், ரெண்டு மாதத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேருக்குப் பக்கம் என்றார் சார். அவர் கிளைக்கு வந்துபோன பெண்களில் ரெண்டு பேர் வீட்டுக்காரர்கள் தீபாவளிக்கு முன்னால் வந்துவிட்டார்களாம்.

இதையெல்லாம் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் பெயின்டர். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். பட்டி பார்த்த வெள்ளை விரல் இடுக்கில் எப்போதும் இருக்கும், அதோடுதான் கிளாஸைப் பிடிப்பார். ஆனையூர் முகாம்காரர் என்பது தெரியும். 2021-ல் அகதிகள் முகாம் என்பதை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பெயர் மாற்றியது, பேப்பரில்தான், வாயில் இன்னும் முகாம்தான். 2022-ல் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்து, பெட்ரோலுக்கு மைல் கணக்கில் வரிசை நின்றபோது, தினமும் அவரைப் பார்த்து "உங்க ஊருல சிலிண்டர் என்ன விலையாம்?" என்று கேட்டிருக்கிறோம். அவரும் வவுனியாவில் இருக்கிற சித்தியிடம் கேட்டு வந்து சொல்வார். அதைத் தாண்டி நாங்கள் ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததற்கு நாகரிகம் என்று ஒரு பெயர் வைத்திருந்தோம்.

ஐப்பசி மழை. தார்ப்பாயில் தண்ணீர் கட்டி, மாஸ்டர் கம்பால் குத்திக் குத்தி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். லோடுமேன் அண்ணன் சாதாரணமாக, உளுந்தைக் கேட்ட மாதிரியே கேட்டார், "நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க தம்பி?"

"மன்னாரில இருந்து, அண்ணே. தொண்ணூறுல. எனக்கு ஏழு வயசு."

அவர் பேச்சு முக்கால்வாசி மதுரைதான், வீட்டு விஷயம் வரும்போது மட்டும் வேறாகிவிடும். ராத்திரி படகு, பதினாறு பேர், காசுக்குப் பதில் அம்மாவின் தோடு. விடிகிற நேரத்தில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். "குடிக்கத் தண்ணி இல்ல. எங்கட அம்மா ஈரத் துணிய எங்கட வாயில ஒத்தி ஒத்தி எடுத்தா. அதுவும் உப்புத்தான்." மத்தியானத்துக்கு மேல் ராமேஸ்வரத்து மீன்காரர்கள் பார்த்து ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடியில் விட்டார்கள். அப்புறம் மண்டபம் முகாமில் பதிவு. அப்புறம் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், எந்த ஊர் என்று சொல்லவில்லை, இறங்கினபோது மதுரை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. மாஸ்டர் கம்பைச் சாத்தி வைத்துவிட்டு அடுப்பைக் குறைத்தார்.

பேங்க் சாருக்குச் சும்மா இருக்க முடியாது, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டுக்காரர்கள்தான், இலங்கை இல்லை என்று ஆரம்பித்தார். பெயின்டர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குத் தெரியாததா. மகன் இங்கேயே பிறந்தவன், பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு சேர்ந்து சுவரைத் தேய்க்கிறான்.

அண்ணாச்சிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டுருக்காங்களேப்பா, ஒரு எட்டுப் போயி ஊரப் பாத்துட்டு வந்துறலாம்ல? மணல் திட்டுலயெல்லாம் எறக்க மாட்டாங்க" என்றார்.

"அதுக்குப் பாஸ்போர்ட் வேணும், அண்ணாச்சி" என்றார் பெயின்டர்.

அந்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டது. லோடுமேன் அண்ணன் துண்டைத் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு எழுந்தார், பெயின்டர் வாளியை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் பக்கம் நடந்தார், அண்ணாச்சி எல்லா டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார், அது அவர் வழக்கமில்லை. நான் போய் மழையில் நின்று டின் எண்ணினேன். எண்ணிக்கை ரெண்டு தடவை தப்பிவிட்டது, மூன்றாம் தடவை டிரைவரையே எண்ணச் சொன்னேன்.